டோக்கியோவில் குப்பைக்கும் கிழமை உண்டு!

அயல் நாட்டில் உத்தியோகம் என்றதும் நமக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? சம்பளம். அப்புறம் ஆகாய விமானம். அதற்கும் அப்புறம், "அங்கே சாப்பாட்டுக்கு என்னடி செய்வாய்?" என்று அம்மா கேட்கும் கேள்வி. குப்பையைப் பற்றி யாராவது கேட்கிறார்களா?

என் சிநேகிதி ஒருத்திக்கு டோக்கியோவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. தனியாகத்தான் போனாள். "மூன்று மாதம் பார், பிடிக்காவிட்டால் பேசாமல் திரும்பி வந்துவிடு" என்று சொல்லித்தான் அவள் தாயார் அனுப்பி வைத்தாள். மூன்றாவது வாரமே திரும்பி வர இருந்தாள். காரணம், ஒரு குப்பைப் பை!

கதையை முதலிலிருந்து சொல்லுகிறேன்.

விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து விடுகிறார்கள். ஜாகை அமைந்த 14 நாட்களுக்குள் அந்த வட்டாரத்துக் காரியாலயத்தில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும். டோக்கியோவின் மையப் பகுதியில் இப்படி 23 வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி மேயர்! வாடகை வீடு பிடிப்பதிலும் ஒரு விசேஷம் உண்டு. முன்பணம் தவிர, 'ரெய்கின்' என்று ஒன்று பல வீடுகளுக்குக் கேட்கிறார்கள். வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கும் பணம். போனது போனதுதான், திரும்பாது. நம் ஊர் வீட்டுக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டுமே!

சாப்பாட்டு விஷயத்தில் தாயாரின் கவலை நியாயமானதுதான். மாமிசமே கண்ணில் படாத சூப்பிலும் 'தாஷி' என்ற சாறு கலந்திருக்கும். சாதாரணமாக அது உலர்ந்த மீனைச் சீவி இறக்கியது. கடற்பாசியில் மட்டும் இறக்கும் தாஷியும் உண்டு; ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள பாஷை வேண்டுமே! நல்ல வேளை, ஷின்-ஓகுபோ என்ற பேட்டையில் பருப்பும் மசாலா சாமானும் விற்கிற கடைகள் இருக்கின்றன. இந்தியக் குடும்பங்கள் நிறைய வசிக்கும் நிஷி-கஸாயில் கறிவேப்பிலைக்கும் வழி உண்டாம். ஒரு குக்கரும் ஊறுகாய் ஜாடியுமாக அவள் சமாளித்து விட்டாள்.

ஆபீஸ்தான் சங்கடமாக இருந்தது. வேலை அல்ல, வேலை முடிகிற நேரம்! முதல் நாள் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு புன்னகையோடு கிளம்பினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 'ஒன்றும் சொல்லாதது' அவளை இரவெல்லாம் உறுத்திற்று. அங்கே மற்றவர்களுக்கு முன்னால் கிளம்புகிறவர், "ஓ-ஸாகி நி ஷித்ஸுரேய் ஷிமாஸ்" என்று சொல்ல வேண்டும். 'உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள்' என்று அர்த்தம். இருப்பவர்கள், "ஓ-த்ஸுகரே-ஸாமா" என்பார்கள். 'களைத்திருப்பீர்கள்' என்று உபசாரம். நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்வதில்லையா? அந்த ஜாதிதான் இதுவும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்!

இனி, குப்பை.

எரியும் குப்பைக்கு வாரத்தில் இரண்டு நாள் என்றால், பாட்டில், டப்பா, காகிதத்துக்கு வேறு நாள். எரியாத சாமானுக்கு இன்னொரு நாள். வட்டாரத்துக்கு வட்டாரம் கிழமை மாறும். காலை எட்டு மணிக்குள் குறித்த இடத்தில் வைத்து, மேலே வலையைப் போட்டு மூட வேண்டும். வலை எதற்கு என்கிறீர்களா? காக்கைக்கு! டோக்கியோ காக்கைகள் நம்முடையவற்றை விடப் பெரியவை, சாமர்த்தியத்திலும் குறைந்தவை அல்ல.

இவள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, முதல் நாள் இரவே கொண்டு வைத்துவிட்டாள். மறுநாள் மற்றப் பைகளெல்லாம் போய்விட்டன. இவளுடையது மட்டும், ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டை மார்பில் ஒட்டிக்கொண்டு தெருவில் நின்றது! செல்போனைக் காட்டி அந்தச் சீட்டை அவள் படித்துக்கொண்டாள். 'இதை எடுத்துச் செல்ல இயலாது.' இரண்டு நாள் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்து நடந்தாள். "தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்ததடி. அப்போது கையில் டிக்கெட் இருந்தால் கிளம்பியிருப்பேன்" என்றாள் என்னிடம்.

மூன்றாம் நாள் கதவு மணி அடித்தது. மாடி வீட்டுக் கிழவி. ஒரு கையில் அந்தப் பை, மறு கையில் வட்டாரக் காரியாலயத்தின் படம் போட்ட குப்பைக் காலண்டர்! பேச்சே இல்லாமல் வாசல் நடையில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள் கிழவி. காய்கறித் தோல் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், அதன் மூடி இன்னொரு பக்கம். காலண்டரில் கிழமையைத் தொட்டுக் காட்டினாள். தன் தலையில் இருக்க வேண்டிய அசிங்கத்தை இன்னொருத்தி கையால் பிரிக்கிறாளே என்று இவளுக்கு உடம்பு கூசிற்று. ஆனால் கிழவி முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. கீரை ஆய்கிற முகம்தான் இருந்தது.

புதிதாகக் குடி வருகிறவர்கள் அண்டை வீடுகளுக்குத் துண்டோ, தின்பண்டமோ கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது அந்த ஊர்ப் பழைய வழக்கம். டோக்கியோவில் இப்போது குறைந்து வருகிறது. மறுநாள் இவள் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள், மூன்று வாரம் தாமதமாக.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. டோக்கியோவில் பல வட்டாரங்களில் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு ஒலிக்கும். பூகம்பம் போன்ற ஆபத்துக் காலத்தில் எச்சரிப்பதற்காக வைத்த ஒலிபெருக்கிகள். தினமும் சரி பார்த்துக்கொள்ள ஒரு பாட்டைப் போடுகிறார்கள். குழந்தைகள் விளையாட்டை விட்டு வீடு திரும்ப அதுதான் அடையாளம். நமக்கு அப்போது பகல் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதி ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டுகிறாள். மயிலாப்பூரில் அவள் தாயார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்கிறாள். மெட்டு முடிந்ததும் தவறாமல் ஒரு கேள்வி: "நாளைக்கு எந்தக் குப்பையடி?"