பெட்ரோலா, மின்சாரமா?

சிறிய மகிழுந்து ஒன்றை வாங்க எண்ணும் குடும்பம் இன்று முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது பெட்ரோலில் ஓட வேண்டுமா, மின்சாரத்தில் ஓட வேண்டுமா என்பதாகும். ஒரே வண்டி இரு வகைகளிலும் விற்பனைக்கு உள்ளது. டாட்டா நிறுவனத்தின் டியாகோ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வண்டியின் மின்சார வகை 2022ஆம் ஆண்டு அறிமுகமானது. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருந்தாலும் இயங்கும் முறை வேறு.

முன்னோடி வண்டி

மின்சார மகிழுந்து கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் புதியதன்று. எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் என்னும் நிறுவனம் சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் களமாகக் கொண்டு, 'லவ்பேர்ட்' என்னும் இருவர் அமரும் வண்டியை உருவாக்கி, 1993ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதில் ஈய அமில மின்கலங்கள் இருந்தன. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 60 கி.மீ. மட்டுமே ஓடும். செங்குத்தான மேடுகளில் ஏற இயலாது. ஆகவே அது சந்தையில் நிலைக்கவில்லை. எடை குறைந்த, மிகுந்த ஆற்றலைச் சேமிக்கும் லித்தியம் அயனி மின்கலங்கள் வந்த பின்னரே மின்சார வண்டிகள் பரவலாயின.

இயங்கும் முறை

பெட்ரோல் வண்டியின் எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்து, அவ்விசையால் சக்கரங்கள் சுழல்கின்றன. எரிபொருளில் உள்ள ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. மின்சார வண்டியில் மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரை நேரடியாகச் சுழற்றுவதால் இழப்பு மிகக் குறைவு. மேலும், இறக்கத்தில் வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்திற்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. மேடும் இறக்கமும் நிறைந்த திருவனந்தபுரச் சாலைகளில் இது பயனுள்ளது.

செலவுக் கணக்கு

கரமனையில் வாழும் ஒருவர் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்கிற்கு வேலைக்குச் சென்று திரும்ப, நாள்தோறும் 35 கி.மீ. ஓட்டுகிறார் எனக் கொள்க. மாதத்தில் 25 நாள்கள் சென்றால் 875 கி.மீ. ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் 105 ரூபாய், அதில் வண்டி 15 கி.மீ. ஓடும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் செலவு. ஒரு யூனிட் மின்சாரம் 7 ரூபாய், அதில் 7 கி.மீ. ஓடும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1 ரூபாய்தான் செலவு. ஆண்டுக்கு 63,000 ரூபாய் மிஞ்சும். மின்சார வண்டியின் விலை 3 இலட்சம் ரூபாய் கூடுதல் என்றாலும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அத்தொகை ஈடாகிவிடும்.

நாளுக்கு 10 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கோ ஆண்டுக்கு 18,000 ரூபாய்தான் மிஞ்சும். கூடுதல் விலை ஈடாகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் மின்கலத்திற்கான உத்தரவாதம் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. வரைதான். எனவே, குறைவாக ஓட்டுபவருக்குப் பெட்ரோல் வண்டியே சிக்கனம்.

மின்கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கேரளத்தில் வீட்டின் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைக் கடந்தால் முழுப் பயன்பாட்டிற்கும் உயர்ந்த கட்டணம் விதிக்கப்படுகிறது. மேற்கண்டவரின் வண்டிக்கு மாதம் 125 யூனிட் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே 150 யூனிட் செலவானால் அந்த எல்லை கடந்துவிடும்.

நிறுத்துமிடமும் ஊர்ப்பயணமும்

வீட்டிலுள்ள 15 ஆம்பியர் இணைப்பில் பெரிய மின்கலம் நிறைய எட்டு முதல் ஒன்பது மணிநேரம் ஆகும். ஆகவே வண்டி இரவில் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருத்தல் வேண்டும். வாடகை வீட்டில் வாழ்வோர் வீட்டு உரிமையாளரின் இசைவையும் பெறவேண்டும்.

பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 24 யூனிட் மின்கலம் கொண்ட டியாகோ சோதனை முறையில் 315 கி.மீ. ஓடியது. குளிரூட்டியை இயக்கி விரைவாகச் செல்லும்போது அத்தொலைவு வெகுவாகக் குறையும். நாகர்கோவில் வழியாக 150 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலியை ஒரே மூச்சில் அடையலாம். ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கு இடையில் நின்று விரைவு மின்னேற்ற நிலையத்தில் ஒரு மணிநேரம் காத்திருக்க நேரும். 35 லிட்டர் கலம் கொண்ட பெட்ரோல் வண்டிக்கு அக்கவலை இல்லை.

புகையும் காற்றும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்சார வண்டி ஓடும் தெருவில் புகை இல்லை. எனினும், கேரளம் இடுக்கி முதலிய நீர்மின் நிலையங்களோடு வெளி மாநில மின்சாரத்தையும் நம்பியுள்ளது. அதில் பெரும்பகுதி நிலக்கரியால் கிடைப்பது. ஆகவே, மின்சார வண்டி மாசைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

அண்டை வீட்டார் வாங்கியதைப் பார்த்து வாங்குவது சரியாகாது. நாள்தோறும் செல்லும் தொலைவு, வண்டி நிற்கும் இடம், ஊர்ப்பயணம் ஆகிய மூன்றையும் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதிக் கணக்கிட்டால் தகுந்த வண்டி எதுவெனத் தெளிவாகும்.

சொற்பொருள்

மகிழுந்து – கார்
மின்னேற்றுதல் – சார்ஜ் செய்தல்
மின்கலம் – பேட்டரி
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. 'லவ்பேர்ட்' வண்டி சந்தையில் நிலைக்காததற்கான காரணங்கள் யாவை?
2. நாளுக்கு 20 கி.மீ. வீதம் மாதத்தில் 25 நாள்கள் ஓட்டினால், கூடுதல் விலை எத்தனை ஆண்டுகளில் ஈடாகும்? பாடத்தில் உள்ள விலைகளைக் கொண்டு கணக்கிடுக.
3. உங்கள் குடும்பத்திற்கு ஏற்ற வண்டி எது? காரணங்களுடன் ஐந்து வரிகளில் எழுதுக.