காரில் பாம்பை கொண்டு போகலாமா? சேலம், நாமக்கல் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

செல்லப் பிராணியாக பாம்பு வளர்ப்பவர்கள் அதை காரில் எப்படி பாதுகாப்பாக கொண்டு போவது என்று விளக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. பார்க்கும்போது ரொம்ப ஈஸியாகத் தெரியும். ஆனால் அந்த ஊர் சட்டம் வேறு, நம்ம ஊர் சட்டம் வேறு.

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு காரில் பாம்பு போகிறது என்றால், பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் இருக்கும். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்து எங்கேயாவது விடப் போவார்கள். அல்லது வாங்கி வளர்க்கும் வெளிநாட்டு பாம்பை எடுத்துப் போவார்கள். அல்லது கடித்த பாம்பை டாக்டரிடம் காட்ட ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவார்கள். மூன்றிலும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? பார்க்கலாம்.

வீட்டுக்குள் வந்த பாம்பை நாமே கொண்டு போய் விடலாமா?

கூடாது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவன மூட்டைகளைத் தேடி எலி வரும். எலியைத் தேடி பாம்பு வரும். மக்காச்சோளக் காடு, கரும்புத் தோட்டம், வைக்கோல் போர் என எல்லா இடத்திலும் இதே கதைதான். சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் இங்கே சகஜம்.

"சும்மா ஒரு டப்பாவுல போட்டு மூடி, கொல்லிமலை அடிவாரத்துல விட்டுட்டு வந்துடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைக் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும்கூட 'வேட்டை'யில்தான் சேரும். மலைப்பாம்பு போல சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் தனி. குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனமும் பறிமுதல் ஆகலாம்.

தொலைவில் கொண்டு போய் விடுவது பாம்புக்கும் நல்லதில்லை. எங்கே இரை கிடைக்கும், எங்கே ஒளியலாம் என்பது அதற்குத் தன் இடத்தில்தான் தெரியும். புது இடத்தில் விட்டால் அலைந்து திரியும், ரோட்டில் அடிபடும், இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும்.

செய்ய வேண்டியது இதுதான்: குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள். தூரத்தில் நின்று பாம்பு எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். வனத்துறைக்கும் தகவல் சொல்லலாம். பயிற்சி பெற்றவர்கள் கொக்கியால் பாம்பைத் திருப்பி, குழாய் வழியாகப் பைக்குள் போக விட்டு, பையை உறுதியான பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துப் போவார்கள். விஷப் பல் துணியைத் துளைத்து வெளியே வரும் என்பதால் வெறும் சாக்குப் பை போதாது.

மண்ணுளிப் பாம்பு: லட்சம் கிடைக்கும் என்பது உண்மையா?

இருதலை மணியன் என்று சொல்லப்படும் மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை கிடையாது. அதன் வால் மழுங்கலாக இருப்பதால் இன்னொரு தலை போலத் தெரிகிறது, அவ்வளவுதான். விஷமும் இல்லை. வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும், லட்சக்கணக்கில் விலை போகும் என்ற பேச்சை நம்பி காரில் கடத்திச் சென்று கைதானவர்கள் தமிழ்நாட்டில் பலர். "அட்வான்ஸ் குடுங்க, பார்ட்டி ரெடியா இருக்கு" என்று யாராவது சொன்னால், போவது உங்கள் பணமும் நிம்மதியும்தான்.

பால் பைதான் வளர்க்கலாமா?

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைதான் போன்ற பாம்புகள் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2024 பிப்ரவரியில் வந்த விதிகள்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தகவல் தர வேண்டும்.

வாங்கும் முன் ஒரு விஷயம் யோசிங்க: இந்தப் பாம்பு எப்படி இந்தியா வந்தது? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து சென்னை வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளை சுங்கத்துறை பிடித்தது. இப்படிக் கடத்தி வந்தவையும் வாட்ஸ்அப் குரூப்களில் விலைக்கு வரும். பேப்பர் இல்லாத பாம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பதிவு செய்த பாம்பை காரில் கொண்டு போவது எப்படி?

டாக்டரிடம் காட்டவோ, வீடு மாறவோ கொண்டு போகத்தான் வேண்டும் என்றால்:

- கிளம்புவதற்கு 3, 4 நாள் முன்பே இரை கொடுப்பதை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த பாம்பு அலைச்சலில் கக்கிவிடும்.
- காற்று போகும் பருத்திப் பையில் விட்டு, வாயை முடிச்சுப் போடுங்கள். தலையணை உறைகூடப் போதும். ஒரு பையில் ஒரு பாம்புதான்.
- பையை, ஓட்டை போட்ட, பூட்டுகிற மாதிரி மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், குலுங்கிக் கொட்டும்.
- பெட்டியை சீட் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், அல்லது முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் நகராமல் வையுங்கள். டிக்கி வேண்டாம்.
- ஏசி காற்று நேராகப் பெட்டியில் படக் கூடாது. வெயிலும் படக் கூடாது.
- வழியில் பெட்டியைத் திறந்து யாருக்கும் காட்டாதீர்கள். சீட்டுக்கு அடியில் பாம்பு நுழைந்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.
- பதிவுச் சான்று, வாங்கிய ரசீது இரண்டின் நகலும் காரில் இருக்கட்டும்.
- தொட்ட பிறகு சோப்பு போட்டு கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இதில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது வெப்பம். பாம்பால் தன் உடல் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ள முடியாது. நிழலுக்கு நகர்ந்தால்தான் உண்டு. பெட்டிக்குள் அது எங்கே நகரும்? பால் பைதானுக்கு ஏற்றது சுமார் 25 முதல் 32 டிகிரி. சேலத்தில் ஏப்ரல், மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிறுத்தி மூடிய கார் அதைவிட வேகமாகச் சூடாகும். ஆஞ்சநேயரைக் கும்பிட்டுட்டு வந்துடலாம்னு நாமக்கல்லில் காரை நிறுத்திவிட்டுப் போகும் அரை மணி நேரமே பாம்பின் உயிரை எடுத்துவிடும். விடியற்காலையில் கிளம்புங்கள். நிறுத்தினால் ஒருவர் காரிலேயே ஏசியோடு இருங்கள்.

கடித்த பாம்பை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். "எந்தப் பாம்புன்னு தெரிஞ்சாதானே மருந்து குடுப்பாங்க" என்று அடித்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. பாம்பைத் தேடுவதில் நேரம் போகும், தேடுபவருக்கும் கடி விழலாம். செத்த பாம்பின் தலைகூட சிறிது நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கும்.

இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண் இமை சரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று கவனிப்பார்கள். டாக்டருக்கு வேண்டியது இந்த அறிகுறிகள்தான், பாம்பு இல்லை. தூரத்தில் இருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடிபட்டவர் நடக்கவோ, தானே வண்டி ஓட்டவோ கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வர தாமதமானால் இன்னொருவர் ஓட்டும் காரில் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டு விரியன் கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ தெரியாது. இரவில் தரையில் படுத்தவருக்கு காரணம் இல்லாமல் வயிறு வலித்து, இமை சரிந்தால் உடனே கிளம்புங்கள். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம் பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

சுருக்கமாக: வீட்டுக்கு வந்த பாம்பை 101-க்கு சொல்லுங்கள். வளர்க்கும் பாம்புக்கு முதலில் பதிவு, அப்புறம்தான் பயணம். கடித்த பாம்பை அங்கேயே விட்டுவிட்டு, கடிபட்டவரை மட்டும் காரில் ஏற்றுங்கள்.