ஆடாதோடையும் ஆறாத இருமலும்

திருவண்ணாமலை வட்டாரத்துச் சிற்றூர்களிலும் ஜவ்வாது மலைச் சரிவுகளிலும் வளரும் புதர்ச்செடி ஆடாதோடை. இலையின் கசப்பால் ஆடும் தொடாது என்பதே இப்பெயருக்குச் சொல்லப்படும் காரணம். அதனாலேயே உழவர்கள் இதனை உயிர்வேலியாக வளர்த்தனர். தழையை நெல்வயலில் மிதித்து உரமாக்கினர். இலைச்சாற்றைத் தேனில் கலந்து இருமலுக்குக் கொடுப்பது இன்றும் வீட்டு வழக்கம். சித்த மருத்துவத்தில் இது குடிநீராகவும் மணப்பாகாகவும் பயன்படுகிறது.

இவ்வழக்கத்தில் உண்மை உண்டு. உதகமண்டலத்தில் அரசுப் பணியிலிருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் இவ்விலையில் வாசிசின் என்னும் வேதிப்பொருளைக் கண்டறிந்தார். அதன் அமைப்பைத் தழுவி 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அதன் வழிவந்ததே இன்றைய இருமல் மருந்துகளில் காணப்படும் அம்ப்ராக்சால். கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றுவதே இவற்றின் வேலை.

ஆனால், சளியை இளக்குவது வேறு. சளிக்குக் காரணமான நோயைத் தீர்ப்பது வேறு. ஆடாதோடைக் கஷாயம் காசநோய்க் கிருமியை ஒழித்து நோயைக் குணப்படுத்தாது. கஷாயத்தை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் நுரையீரல் மேலும் பழுதடைகிறது. உடன் வாழும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் பரவக்கூடும். சளியில் இரத்தம் வந்தாலும் ஆடாதோடை கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்நிலையில் வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலோ சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் 6 மாதச் சிகிச்சை போதும். இருமல் நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தக் கூடாது.

மேலும் சில எச்சரிக்கைகள்:

• கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு.

• ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்க வேண்டாம்.

• மணப்பாகில் சர்க்கரை மிகுதி. நீரிழிவு நோயாளர்கள் கவனிக்கவும்.

• செடியை அறியாமல் இலை பறிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவில் ஆலோசனை பெறலாம்.

வீட்டில் எக்கஷாயம் அருந்தினாலும் எங்களிடம் மறைக்காமல் கூறுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். இருமல் தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 15ஆம் நாளும் இருமல் தொடர்ந்தால், சளிப் பரிசோதனைக்கு வாருங்கள்.