நிலவின் விளிம்பை அளவுகோலாக்கிய ஊட்டித் தொலைநோக்கி

ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இதற்கெனத் தேர்ந்த மலைச்சரிவு, அவ்விடத்தின் அகலக்கோட்டைப் போலவே ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருப்பதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, ஒரே சுழற்சியில் ஒரு கதிர்மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. திருவனந்தபுரத்தில் அமைத்திருந்தால் எட்டரைப் பாகைச் சரிவு தேவைப்பட்டிருக்கும்.

ஆயினும் சில வில்விநாடி (பாகையின் 3600இல் ஒரு பங்கு) அளவே உள்ள செறிந்த கதிர்மூலங்களை இக்கருவியால் நேரடியாகப் பிரித்தறிய இயலாது என்பதால், நிலவு அவற்றை மறைக்கும் தருணம் பயன்படுத்தப்பட்டது. ஏறக்குறைய 92 செ.மீ. அலைநீளமுள்ள கதிர், நிலவின் விளிம்பில் வளைவதால், மறையுமுன் அதன் வலு பலமுறை ஏறியிறங்குகிறது. மூலம் சிறிதாயின் இந்த அலைவுகள் தெளிவாகவும், பெரிதாயின் மழுங்கியும் பதிவாகும்.

இப்பதிவிலிருந்து மூலத்தின் உருவத்தை மீட்கும் கணக்கில்தான் விந்தை உள்ளது. இரைச்சல் கலந்த வளைவைத் திருப்பிக் கணக்கிட்டால், வானின் சில இடங்களில் ஒளிர்வு பூஜ்யத்துக்கும் கீழே வந்துவிடும். திருவனந்தபுரத்தின் சாலை என்னும் கடைத்தெருவில் ஒரு மின்னணுத் தராசு வெறுந்தட்டுக்கு மைனஸ் இரண்டு கிராம் காட்டினால், அதை எந்த மிளகு வணிகரும் எடையாகக் கொள்வதில்லை. ஒளிர்வு எதிர்மதிப்பாக இருக்க முடியாது என்னும் இதே முன்னறிவைக் கணக்கிலேயே புகுத்தும் முறையை, ஊட்டிப் பதிவுகளுக்காக வானியலாளர் சி. ஆர். சுப்ரமண்யா உருவாக்கினார்.

தாமஸ் பேயஸ் மறைந்தபின் 1763இல் வெளியான தேற்றம் இவ்வெண்ணத்தைப் பொதுவிதியாக்குகிறது: சாத்தியமான ஒவ்வோர் அளவுக்கும் முதலில் ஒரு நிகழ்தகவு தரப்படுகிறது, கிடைத்த வளைவை அந்த அளவு தோற்றுவிக்கும் வாய்ப்பால் அது பெருக்கப்பட்டு, மொத்தம் ஒன்றாகுமாறு சீராக்கப்படுகிறது. மிகச் சிறிய மூலத்துக்கு நிகழ்தகவு பூஜ்யத்தின் ஓரத்தில் குவியும். அப்போது “அளவு பூஜ்யம்” என்றெழுதுவது பிழை, “இதற்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு” என்று ஓர் உச்சவரம்பு தருவதே முறை. தொடக்க நிகழ்தகவை மாற்றினால் அவ்வரம்பும் நகருமாதலால், தேர்ந்ததை வெளிப்படையாகச் சொல்லாத ஆய்வு பாதி ஆய்வே. ஒற்றை எண்ணுக்குப் பழகிய பாடநூல்கள் இவ்வொழுக்கத்தைக் கற்பிப்பது அரிது.

1975இல் ஸ்வரூப்பும் வானியலாளர் விஜய் கபாஹியும், மங்கலான மூலங்கள் பொதுவாகச் சிறியவை என ஊட்டி அளவீடுகளிலிருந்து காட்டியது, அண்டம் மாறாதிருக்கிறது என்ற கோட்பாட்டுக்கு எதிரான சான்றாயிற்று. அவர்கள் சராசரியைக் கொள்ளாமல் இடைநிலை அளவைக் கொண்டனர். வரிசையின் நடுமதிப்பு மட்டுமே அதற்குத் தேவை என்பதால், அதற்குக் கீழான உச்சவரம்பு மட்டும் தெரிந்த மூலங்களையும் கணக்கில் சேர்க்க முடியும்.