முதலைக்குப் பயந்து எலியை மறந்துவிடாதீர்கள்

பவானிசாகர் அணையில் முதலை இருக்கிறதா? இருக்கிறது. மாயாறு வந்து சேரும் காட்டுப் பக்கத்து நீர்ப்பரப்பு சதுப்புநில முதலைகளின் பழைய வாழிடம். அமராவதி அணையிலும் உண்டு. அங்குள்ள முதலைப் பண்ணை 1976இல் வந்தது. ஆகவே நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும் ஈரோட்டுப் பையன் ஒருவன், "ஏனுங்கண்ணா, டேம்ல நீந்திப் பழகலாமுங்களா?" என்று கேட்டால் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 'வேண்டாம்' என்பதே பதில்.

முதலை நடுத்தண்ணீரில் ஆளைத் துரத்தி வருவது அபூர்வம். கரையோரம் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய அசையாமல் கிடக்கும். துணி துவைப்பவர், தண்ணீர் மொள்பவர், வலை வீசுபவர் என்று ஓரத்தில் நிற்பவர்தான் அதிகம் சிக்குகிறார். கடலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரை ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விடியலும் அந்தியும் அதன் வேட்டை நேரம். நம் வீரர்கள் தண்ணீரில் இறங்க விரும்புவதும் அதே விடியலில்தான். கோடையை ஒட்டி முட்டையிட்டுக் காவல் காக்கும் பெண் முதலைக்குக் கோபம் இன்னும் அதிகம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பவானிசாகரை ஒட்டிய சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனவிலங்கு தாக்கி உயிர் போனால் குடும்பத்துக்குத் தரும் நிவாரணத்தை மத்திய அரசு 2023இல் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதைக் கேட்க வனச்சரக அலுவலகத்தில் உடனே தகவல், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். அத்துமீறி நுழைந்த இடத்தில் நடந்தது என்று பதிவானால், அந்தக் கோரிக்கையே சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாய்க்காலில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவது பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பு. கடிக்கும், விஷம் கிடையாது. கவனிக்க வேண்டியது கரையில், வரப்பில், எலி தேடி அலையும் நாகத்தையும் கண்ணாடி விரியனையும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லுக்குள் இருட்டில் நடப்பவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு அங்கே காசில்லை. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்திருக்கிறது.

இனி எலிக்கு வருவோம். 1998இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் ஒரு டிரையத்லான் நடந்தது. கடியில்லை, தாக்குதலில்லை. ஆனால் போட்டி முடிந்த பிறகு வீரர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். சுகாதாரத் துறையினர் விசாரித்த 834 பேரில் 98 பேருக்கு உடம்பு சரியில்லை. ரத்தம் சோதித்த 474 பேரில் 52 பேருக்கு எலிக்காய்ச்சல் உறுதியானது. எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் வரும் கிருமி மழைநீரோடு ஏரியில் கலந்து, கீறல் வழியாகவும் விழுங்கிய தண்ணீர் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

நம் கலிங்கராயன் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய அந்த வாய்க்கால், வயலையும் ஊரையும் ஆலைகளையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் அதில் தலைமூழ்கி நீந்துவதைவிட ஒரு வாரம் பொறுப்பது புத்திசாலித்தனம். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். நீந்திய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், மருத்துவரிடம் "வாய்க்காலில் நீந்தினேன்" என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ நாள் போகும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகும். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும்.

இவை எல்லாவற்றையும்விட ஆளை அதிகம் கொல்வது தண்ணீரும் இதயமும்தான். அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை டிரையத்லான்களில் இறந்த 14 பேரில் 13 பேர் நீச்சலின்போது இறந்தவர்கள். பிரேதப் பரிசோதனை நடந்த 9 பேரில் 7 பேருக்கு இதயக் கோளாறு இருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் போட்டிக்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். நம்மூரில் கொடிவேரி அணைச் சுழலும் கீழ்பவானி வாய்க்காலும் தனி ஆபத்து. கான்கிரீட் போட்ட கரையில் பாசி வழுக்கும், ஏறப் பிடி கிடைக்காது. அணை ஷட்டர் திறந்தால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். முதலை வீடியோவை மணிக்கணக்காகப் பார்க்கும் நாம், ஷட்டர் எப்போது திறப்பார்கள் என்று நீர்வளத் துறையில் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

போட்டி நடத்துபவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தண்ணீரைச் சோதித்தார்களா, மீட்புப் படகு எத்தனை, மருத்துவர் இருக்கிறாரா, கனமழை வந்தால் நீச்சலை நிறுத்துவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைக் காட்டி அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து அவர்கள் எளிதில் தப்பிவிட முடியாது. கட்டணம் வாங்கி நடத்தும் போட்டி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை; அதில் அலட்சியம் காட்டுவது சேவைக் குறைபாடு. போட்டி கோவாவில் நடந்திருந்தாலும், ஈரோட்டில் வசிப்பவர் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. உயிர் போன அலட்சியம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் காவல் துறையும் வழக்குப் பதியலாம்.

கட்டண ரசீது, படிவத்தின் நகல், மருத்துவச் சீட்டு, அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.