சிவப்பா பச்சையா: முடிவு யார் கையில்?

பைக்காரா படகுத்துறைப் பக்கம் சோளம் சுட்டு விற்பவருக்கும் எஸ்டேட் லயத்துப் பையனுக்கும் டெலிகிராமில் ஒரே அழைப்புதான் வருகிறது: நிறத்தைச் சொல்லுங்கள், ஒரே நிமிடத்தில் பணம் இரட்டிப்பு. இந்த 'கலர் பிரடிக்‌ஷன்' ஆட்டத்துக்குள் என்ன ஓடுகிறது என்பது தெரிந்தால் பலர் கை வைக்கமாட்டார்கள்.

ரூபி என்ற நிரல் மொழியில் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி போதும். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் ஓர் அரேயில் வைத்து 'சாம்பிள்' என்று எழுதினால், இரண்டில் ஒன்று சமவாய்ப்பில் வந்து விழும். அதே இடத்தில் வேறொரு வரியையும் எழுதலாம்: எந்த நிறத்தில் பணம் குறைவாகக் கட்டப்பட்டதோ, அதற்கே வெற்றி. திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்காவில் பல மாநில லாட்டரி அமைப்பில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த எடி டிப்டன், குறிப்பிட்ட சில நாள்களில் வெற்றி எண்ணை ஊகிக்க முடிகிறபடி குலுக்கல் நிரலையே மாற்றிவைத்தார். 2017-இல் அவருக்கு 25 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அரசு லாட்டரியிலேயே இது நடந்தது என்றால், முகவரி இல்லாத செயலியை எப்படி நம்புவது?

குலுக்கல் நேர்மையாகவே நடந்தாலும் தப்ப முடியாது. தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டு என்பார்கள். 100 ரூபாயில் தொடங்கி 7 முறை தொடர்ந்து தோற்றால் போவது 12,700 ரூபாய். இரவெல்லாம் 300 சுற்று ஆடுபவருக்கு அப்படியொரு தொடர் தோல்வி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டும் ஆட்டங்களைத் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆடுபவருக்கும் 3 மாதம் வரை உண்டு என்பதால் பலர் புகார் கொடுக்கப் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு வசதி அந்தப் பயம்தான். தயங்குபவர்கள் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைத்து முதலில் சட்ட ஆலோசனை பெறலாம். பெண்களுக்கும், தோடர், கோத்தர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

பணம் போனதும் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வழியுண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண், டெலிகிராம் குழுவின் ஸ்கிரீன்ஷாட் என எதையும் அழிக்காதீர்கள். வங்கியிலும் ஊட்டி சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஜெயித்த பணத்தை எடுக்க முதலில் வரி கட்டு என்றாலும், போனதை மீட்டுத்தரக் கட்டணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். கமிஷனுக்கு உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்பவரிடம் அதைக் கொடுத்தால், கணக்கு முடங்கி வழக்கு உங்கள் பெயரில் வரும். மனம் உடைந்திருப்பவர்களிடம் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசுவார்கள், அழைப்பு இலவசம்.