இந்தியாவின் கச்சா எண்ணெய்க் கணக்கு

2023-24 நிதியாண்டில் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் 23.25 கோடி டன். கொடுத்த தொகை 13,240 கோடி டாலர். நாளொன்றுக்குச் சுமார் 46.5 லட்சம் பீப்பாய். தலா 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் ராட்சதக் கப்பல்கள் இரண்டு வந்து இறக்கினாலும் அன்றைய கணக்கு தீராது.

நான்கு ஆண்டுக் கணக்கு

2020-21: 19.65 கோடி டன். 6,220 கோடி டாலர்
2021-22: 21.24 கோடி டன். 12,070 கோடி டாலர்
2022-23: 23.27 கோடி டன். 15,750 கோடி டாலர்
2023-24: 23.25 கோடி டன். 13,240 கோடி டாலர்

முதல் மூன்று ஆண்டுகளில் அளவு 18 சதவீதம் கூடியது. தொகையோ இரண்டரை மடங்கானது. கொரோனாவில் படுத்த விலை எழுந்ததும், உக்ரைன் போரும் சேர்ந்து செய்த வேலை அது. டன்னுக்கு 7.33 பீப்பாய் என்று வைத்தால், பீப்பாய் ஒன்றுக்கு நாம் கொடுத்தது முறையே 43.2, 77.5, 92.3, 77.7 டாலர்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி பீப்பாய் வாங்குகிறோம். ஆகவே பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் 170 கோடி டாலர் கூடுதல் செலவு. டாலருக்கு 83 ரூபாய் என்றால், சுமார் 14,000 கோடி ரூபாய்.

தள்ளுபடி தந்தது எவ்வளவு?

2021-22இல் நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு சுமார் 2 சதவீதம்; இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இராக்கும் சவுதி அரேபியாவும் பின்னுக்குப் போயின. 2022 டிசம்பர் 5 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்வழி ரஷ்யக் கச்சா எண்ணெயை நிறுத்தியது. ஜி-7 நாடுகள் அதன் விலைக்குப் பீப்பாய்க்கு 60 டாலர் உச்சவரம்பு வைத்தன. ஐரோப்பா கைவிட்ட சரக்கு தள்ளுபடி விலையில் ஆசியாவுக்குத் திரும்பியது.

2022-23இல் 93.15 டாலராக இருந்த இந்தியக் கூடையின் (நாம் வாங்கும் எண்ணெய் வகைகளுக்கான சந்தை அளவுகோலின்) சராசரி விலை அடுத்த ஆண்டு 82.58 ஆனது. இறக்குமதிச் செலவில் குறைந்த 2,510 கோடி டாலரில் ஏறத்தாழ 1,800 கோடி இந்தச் சந்தைச் சரிவால் வந்தது. மீதி 700 கோடிதான், முந்தைய ஆண்டைவிடக் கூடை விலைக்கு இன்னும் கீழே வாங்கியதன் பலன். அதில் பெரும்பங்கு ரஷ்யத் தள்ளுபடி.

உள்நாட்டுக் கையிருப்பு

2011-12இல் 3.81 கோடி டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி 2023-24இல் 2.94 கோடி டன். அந்த ஆண்டில் இறக்குமதிச் சார்பு சுமார் 88 சதவீதம். இதற்கு நேர்மாறாக, 2008இல் நாளுக்கு 50 லட்சம் பீப்பாய் எடுத்த அமெரிக்கா 2023இல் 129 லட்சம் எடுத்தது.

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் உள்ள அவசரகால நிலத்தடிக் கிடங்குகளின் மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுக்க நிரப்பினாலும் சுமார் எட்டரை நாள் இறக்குமதிக்குத்தான் ஈடாகும். எண்ணெய் நிறுவனங்களின் இருப்பு தனி. சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளிடம் கேட்பது 90 நாள் இருப்பு.

கூட்டிப் பார்த்தால்

2023-24 விலையில், இறக்குமதி அளவைப் பத்து சதவீதம் குறைத்தால் மிச்சம் சுமார் 1,320 கோடி டாலர். அதே ஆண்டில் கூடை விலைக்குக் கீழே வாங்கி மிச்சம் பிடித்ததோ 830 கோடி. தள்ளுபடியைத் தருவதும் நிறுத்துவதும் விற்பவர் கையில். ரயிலிலும் பேருந்திலும் மின்வண்டியிலும் எரிபொருளை மிச்சம் பிடிப்பது நம் கையில். முதலில் போட வேண்டிய பணம் அங்கேதான்.